பழைய வெள்ளைக்காரர் படம், லண்டன் ஏலத்துக்காம்: கேன்வாஸை உருட்டித் தரலாமா?

சித்தூர் பிரேம்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர் மார்க்கெட் பக்கம் பிரேம் கடை வெச்சிருக்கேன். எங்க நைனா 1971ல ஆரம்பிச்ச கடை. சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவங்க படம், இதுதான் பொழப்பு. கண்ணாடி அறுக்கறதும் பீடிங் வெட்டி மூலை சேர்க்கறதும் கை பழக்கத்துல தானா நடக்கும். ஆனா போன வாரம் வந்த ஒரு வேலையில கை வைக்கவே பயமா இருக்கு.

பலமநேர் பக்கத்துல இருந்து ஒரு பெரியம்மா ஆட்டோவுல வந்தாங்க. ஜமுக்காளத்துல சுத்தின ஒரு படம். ஆயில் பெயிண்டிங். நாப்பது வயசு மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், தலையில வெள்ளை டோப்பா, கழுத்துல வெள்ளைத் துணி, காப்பிப்பொடி கலர்ல கோட்டு. வலது கைய மார்பு பட்டனுக்கு நடுவுல உள்ள விட்டிருக்கார். அந்தம்மாவோட மாமனார் மதனப்பள்ளியில ஒரு துரை பங்களாவைக் காலி பண்ணப்ப சாமான் ஏலத்துல எடுத்ததாம். நாற்காலி, அலமாரியோட சேர்ந்து வந்தது.

அவங்க மகன் இங்கிலாந்துல இருக்கார். போன்லயே வேலை சொன்னார். பழைய பிரேம எடுத்துடணும். படத்த உள்சட்டத்துல இருந்து பிரிச்சு, உருட்டி, பிளாஸ்டிக் குழாய்ல போட்டுத் தரணும். டிசம்பர்ல வரப்போ பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போய் லண்டன்ல ஏலத்துல விடப்போறாராம். உருட்டறதுக்கு முன்னாடி எண்ணெய் போட்டு முகத்தத் தொடைக்கணும், கன்னம் வெளுத்திருக்கு, லேசா கலர் ஏத்தணும். கருப்பு வெள்ளை போட்டோவுக்குக் கலர் ஏத்தறதுல நைனா பெரிய கை. எனக்கும் சொல்லிக் குடுத்திருக்கார். அதனால கன்னத்துக்குச் சிவப்பு போட எனக்குத் தெரியாம இல்ல. போடலாமா கூடாதாங்கறதுதான் கேள்வி.

நான் பாத்தத சொல்றேன். கேன்வாஸ் உயரம் 30 அங்குலம், அகலம் 25. ஒரு நூல் கூடக் குறைச்சல் இல்ல. பிரேம் மரத்துல செதுக்கினது, மேல தங்கம். ஒரு மூலை ஒடைஞ்சிருக்கு. அங்க தங்கத்துக்கு அடியில செம்மண் கலர், அதுக்கும் அடியில சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. பின்னாடி உள்சட்டத்தோட நாலு மூலையிலயும் சின்னச் சின்ன மர ஆப்பு. ஆணி எல்லாம் கொல்லன் அடிச்ச ஆணி மாதிரி, ஒண்ணோட தலை மாதிரி இன்னொண்ணு இல்ல. ஓரத்துல பாத்தா துணி ரெண்டு அடுக்கா தெரியுது. மேல் கட்டையில ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. இடது பக்கம் கிழிஞ்சு போச்சு. மிச்சத்துல பழுப்பு மையில 'சர் ஜே. ரெனால்ட்ஸ்'னு மட்டும் இருக்கு. கீழ்க் கட்டையில தகடு வெச்சு மை தடவின மாதிரி கருப்பா மூணு எண்ணும் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும்.

இன்னொண்ணு. எனக்கு மட்டும் தோணுதா தெரியல. முகம் ஒருத்தர், கோட்டு வேற ஒருத்தர் போட்ட மாதிரி இருக்கு. முகத்துல கண்ணிமை வரைக்கும் அவ்வளவு நிதானம். கோட்டு மடிப்புல வேகம், நல்ல வேகம்தான், ஆனா வேற கை.

கூலி 2500 பேசியிருக்காங்க. பணம் பெருசில்ல. தெரியாம ஒண்ணக் கெடுத்துட்டோம்னு பின்னாடி கெடந்து தவிக்கக் கூடாது. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடியாத்தம் 68 எழுதியது:

எங்க வீட்டுத் தஞ்சாவூர் படத்தை உருளைக்கிழங்கைப் பாதியா வெட்டித் தேய்ச்சுதான் சுத்தம் பண்ணோம். பளிச்சுனு வந்துச்சு. அழுக்கு மட்டும்தான்னா செஞ்சு பாருங்க அண்ணா.

தூரிகையும் பஞ்சும் எழுதியது:

பிரேம்கடை அண்ணா, தயவுசெய்து உருளைக்கிழங்கு வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். நான் சென்னையில் பழைய ஓவியங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் படங்களில் பாதி, காலத்தால் கெட்டவை அல்ல, அன்போடு துடைக்கப்பட்டுக் கெட்டவை. கிழங்கின் ஈரமும் மாவும் வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் அன்றைக்குப் பளபளக்கும், சில வருடங்களில் பழுப்பேறி, எடுக்கவே முடியாத தோலாக இறுகிவிடும்.

நீங்கள் குறித்திருப்பதைப் படித்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இவ்வளவு நிதானமாகப் படத்தின் முதுகைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அந்த 30க்கு 25 தற்செயல் அளவு அல்ல. உங்கள் கடையில் 12க்கு 18 என்று தயார் அளவு இருப்பதுபோல 18ஆம் நூற்றாண்டு லண்டனிலும் இருந்தது. சாயக்கடைக்காரர்கள் பூச்சுப் பூசிய துணியைச் சட்டத்தில் இழுத்துத் தயாராக விற்றார்கள். 30க்கு 25க்கு 'த்ரீ குவார்ட்டர்' என்று பெயர். தலையும் தோளும் கொள்ளும், சாமர்த்தியம் இருந்தால் ஒரு கையும் கொள்ளும். 36க்கு 28 என்றால் 'கிட்கேட்'. 50க்கு 40 'ஹாஃப் லெங்த்'. ஆள் முழுசாக நிற்கும் படம் 94க்கு 58 அங்குலம். அளவுக்கு ஏற்ப ஓவியர் விலை சொன்னார். உங்கள் காகிதத்தில் பெயர் இருக்கும் ஜோஷுவா ரெனால்ட்ஸ், அன்றைய லண்டனின் பெரிய முகப்பட ஓவியர், 1780களில் முழு உருவத்துக்கு 200 கினி வாங்கினார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.

உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. முகத்தை ஒருவரும் உடையை இன்னொருவரும் வரைவது அங்கே வழக்கமாக இருந்தது. ஆண்ட்வெர்ப்பிலிருந்து லண்டன் வந்த ஜோசஃப் வான் ஆக்கன் 1749இல் இறக்கும்வரை பல பெரிய ஓவியர்களுக்குப் பட்டும் சரிகையும் வரைந்து கொடுத்தார். ரெனால்ட்ஸுக்குப் பீட்டர் டாம்ஸ் உடை வரைந்தார். முகத்துக்கு உட்கார வந்தவர் சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். கோட்டை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டிவிட்டு நிதானமாக வரைவார்கள். மார்புக்குள் கை வைத்த நிலை அந்தக் காலத்தில் கண்ணியமான மனிதனின் நிலை. நூற்றுக்கணக்கான படங்களில் இருக்கிறது.

கன்னத்தின் வெளுப்பு அழுக்கு அல்ல. அதற்குச் சிவப்பு ஏற்றவே கூடாது. ரெனால்ட்ஸ் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயங்களைச் சதைக்குப் பயன்படுத்தினார். அவை வெளிச்சத்தில் மங்கும். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வரைந்த முகங்கள் வெளுத்தன, வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். இது அவர் படம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சாயங்களைப் பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் நாளைக்கு அறிந்தவர் ஒருவர் இந்த வெளுப்பைப் பார்த்து ஏதாவது சொல்லக்கூடும். நீங்கள் சிவப்பு போட்டுவிட்டால் அதைச் சொல்ல வழி இருக்காது.

ரெண்டு அடுக்குத் துணி: பழைய துணி நைந்துபோனதும் பின்னால் புதுத்துணி ஒட்டியிருக்கிறார்கள். பசை மாவுப்பசையாகவோ மிருகப்பசையாகவோ இருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நல்ல சாப்பாடு. ஆகவே வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

இனி உருட்டுவது. 250 வருடம் காய்ந்த சாயமும் அடிப்பூச்சும் அப்பளம் மாதிரி. ஒட்டுத்துணியோடு சேர்ந்து தடித்த கேன்வாஸைப் பிளாஸ்டிக் குழாய் அளவுக்குச் சுருட்டினால் முகம் துண்டு துண்டாகப் பெயரும். உருட்டியே தீர வேண்டிய பெரிய படங்களைக்கூட, சாயம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான உருளையில்தான் சுற்றுவோம். இது இரண்டரை அடிப் படம். சட்டத்தோடு நிமிர்த்தி எடுத்துச் செல்வதில் என்ன கஷ்டம்?

அந்தப் பிரேமை எறிந்துவிடாதீர்கள். தங்கத்துக்கு அடியில் செம்மண் நிறம் தெரிகிறது என்றால் வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புக் களிமண் தடவி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டி மெருகேற்றியது. தங்கப் பெயிண்ட் அல்ல. செதுக்கிய பழைய பிரேமுக்குத் தனியாக வாங்க ஆள் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை ஓய்வு எழுதியது:

நான் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைக்காரன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ராத்திரி தூக்கம் வராத நேரம் லண்டன் ஏலப் பட்டியல்களைப் படிப்பது என் பழக்கம். வாங்க அல்ல, படிக்க. ஓவியம் பற்றித் தூரிகை அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஏலக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

பிரேம்கடைத் தம்பி, அந்தக் காகிதத்தில் கிழிந்துபோன இடது பக்கம்தான் முக்கியம். 'ரெனால்ட்ஸ்' என்ற பெயருக்கு முன்னால் என்ன வார்த்தை இருந்தது என்பதில்தான் விலை நிற்கிறது. ஏலப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் அவரே வரைந்தது என்று அந்த நிறுவனம் நம்புகிறது. 'அட்ரிபியூட்டட் டு' என்றால் அவராக இருக்கலாம். 'ஸ்டுடியோ ஆஃப்' என்றால் அவர் பட்டறையில், அநேகமாக அவர் மேற்பார்வையில். 'சர்க்கிள் ஆஃப்' என்றால் அவர் காலத்தில் அவரைச் சார்ந்த வேறொரு கை. 'ஃபாலோவர்' என்றால் அவர் பாணியில் வரைந்தவர், மாணவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'ஆஃப்டர்' என்று இருந்தால் அவருடைய படத்தைப் பார்த்து எடுத்த நகல். இதை 'பிறகு' என்று படித்துவிட்டு ஏமாந்த குடும்பங்கள் உண்டு. ஒரே பெயர், முன்னால் ஒரு வார்த்தை மாறினால் விலை நூறில் ஒரு பங்காகக்கூட இறங்கும்.

ரெனால்ட்ஸ் வரைந்த மாய் என்ற பசிபிக் தீவுக்காரரின் முழு உருவப் படம் 2001இல் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு கோடியே மூன்று லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. 2023இல் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் கூட்டாக ஐந்து கோடி பவுண்டு கொடுத்து வாங்கின. படம் கொண்டுவந்த பெரியம்மாவின் மகன் இப்படிப்பட்ட செய்தி எதையாவது படித்திருப்பார். அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் மாய் யார் என்று தெரியும், படத்தின் கதை முழுவதும் தெரியும். பெயர் தெரியாத மனிதர், பெயர் உறுதியில்லாத ஓவியர் என்றால் கணக்கு வேறு. சுத்தியல் விழும் விலையில் விற்பவரிடமிருந்து கமிஷன், காப்பீடு, படம் எடுத்த செலவு எல்லாம் கழியும்.

நகலா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை. அந்தக் காலத்தில் புகழ்பெற்ற முகப்படங்களை மெஸ்ஸோடிண்ட் என்ற முறையில் தாமிரத் தகட்டில் அச்சடித்து விற்றார்கள். கருப்பு வெள்ளை. அச்சில் பலமுறை இடம் வலமாகிவிடும். அந்த அச்சைப் பார்த்து நகல் எடுத்தவர் கோட்டின் நிறத்தைத் தானாக யூகித்திருப்பார். ஆண்கள் கோட்டில் பொதுவாகப் பட்டன் அவர்களுடைய வலப்பக்கம், காஜா இடப்பக்கம். படத்தில் எப்படி?

கடைசியாக, கீழ்க் கட்டையில் இருக்கும் கருப்பு எண். தம்பி, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். லண்டன் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி 1766இல் தொடங்கியது. அங்கே விற்பனைக்கு வந்த படங்களின் பின்கட்டையில் இப்படித்தான் தகடு வைத்து எண்ணும் எழுத்தும் அடித்தார்கள். அவர்களுடைய பழைய கணக்குப் புத்தகங்களில் அந்த எண்ணைத் தேடினால் யார் கொண்டுவந்தார், என்ன பெயரில் விற்றது என்று கிடைக்க வாய்ப்பு உண்டு. உள்சட்டத்தைப் பிரித்து எறிந்திருந்தால் அந்த எண் சித்தூரில் யாரோ வீட்டு அடுப்பில் போயிருக்கும். எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள். போட்டோ எடுத்து அந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

சித்தூர் பிரேம்கடை எழுதியது:

அம்மா, சார், ரெண்டு பேருக்கும் கும்பிடு. பட்டன் பாத்தேன். அவரோட வலப்பக்கம்தான் இருக்கு. டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தேன், தூரிகை போன மேடு பள்ளம் நல்லா தெரியுது, லென்ஸ் வெச்சா புள்ளி எதுவும் இல்ல. அதனால அச்சுப் படம் இல்லன்னு நெனைக்கறேன்.

30க்கு 25 விஷயம் மனசுல நின்னுடுச்சு. 250 வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ லண்டன்ல என்ன மாதிரி ஒருத்தன் அதே அளவுல வரிசையா சட்டம் அடிச்சு அடுக்கி வெச்சிருந்திருக்கான். அவன் அடிச்ச ஆப்பு இன்னிக்கும் ஆடல.

ஒரு ஆசையில கேக்கறேன். ஹைதர் அலி 1782 டிசம்பர்ல செத்தது எங்க ஊர் பக்கத்துல நரசிங்கராயன்பேட்டையில. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல வெள்ளைக்கார ஓவியர்கள் இருந்தாங்களா? இது இங்கயே வரைஞ்சதா இருக்குமா?

தூரிகையும் பஞ்சும் எழுதியது:

இருந்தார்கள் அண்ணா. டில்லி கெட்டில் 1769இல் மெட்ராஸ் வந்தார். ஆற்காட்டு நவாப் முகமது அலியை அவரும் வரைந்தார், பின்னால் வந்த ஜார்ஜ் வில்லிசனும் வரைந்தார். ராபர்ட் ஹோம் 1791இல் வந்தார். தாமஸ் ஹிக்கி 1824இல் மெட்ராஸிலேயே இறந்தார். உங்கள் ஆசை நியாயமான ஆசைதான். ஆனால் படத்தில் இருப்பது சாதாரணக் கோட்டு, பின்னணியில் வெறும் இருட்டு, கிறிஸ்டீஸ் எண் என்றால் லண்டனில் ஒருமுறை விற்பனைக்கு வந்திருக்கிறது. அங்கே வாங்கிய ஒருவர் தன்னோடு இங்கே கொண்டுவந்திருப்பார் என்பதற்குத்தான் இப்போதைக்கு இடம் இருக்கிறது.

திருத்தணி வக்கீல் எழுதியது:

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். பெட்டியில் வைத்து எடுத்துப்போவது குற்றம். அதை முதலில் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்.

தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972. 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். வரைந்தவர் வெள்ளைக்காரரா நம்மவரா என்று சட்டம் கேட்பதில்லை. இந்தியாவில் இருக்கும் தொல்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் தனி. உருட்டிக் கொடுத்தவர் என்ற வகையில் உங்களையும் கேள்வி கேட்பார்கள்.

விற்கவே கூடாது என்று இல்லை. இந்தியாவுக்குள் விற்கலாம், இங்கேயே ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. துணியில் வரைந்த பழைய ஓவியம் பதிவு செய்யவேண்டிய வகையில் வருகிறது. பதிவு அதிகாரியிடம் படத்தின் போட்டோக்களோடு விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை. ஆகவே கடைக்கு வந்து ரொக்கம் நீட்டுபவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். மாமனார் ஏலத்தில் எடுத்த ரசீது ஒரு துண்டு இருந்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

சித்தூர் பிரேம்கடை எழுதியது:

ஞாயித்துக்கிழமை நானே பஸ் ஏறி பலமநேர் போய்ட்டு வந்தேன். போன்ல சொன்னா சரியா புரியாதுன்னு தோணுச்சு. பெரியம்மாகிட்ட தெலுங்குல எல்லாத்தையும் சொன்னேன். சிறைன்னு சொன்னதும் அவங்க முகம் மாறிடுச்சு. உடனே மகனுக்கு வீடியோ கால். அவர் மொதல்ல, 'உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, சொன்னத செய்ங்க'ன்னார். நான் கோவிக்கல. கீழ்க் கட்டையில இருக்கற எண்ண போன் வழியா காமிச்சேன். கிறிஸ்டீஸ்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், 'அந்தக் கட்டைய யாரும் தொடாதீங்க'ன்னு அவரே சொன்னார். அங்க இருந்தே அவங்களுக்கு எழுதிக் கேக்கறாராம். கொண்டுபோற பேச்ச விட்டுட்டார்.

மாமனார் வெச்ச இரும்புப் பெட்டிய பெரியம்மா தெறந்தாங்க. ரசீது கெடைக்கல. ஆனா அவர் கையெழுத்துல ஒரு நோட்டுல, நாற்காலி ஆறு, அலமாரி ஒண்ணு, 'தொரை படம் ஒண்ணு'ன்னு தெலுங்குல எழுதி, எதிர்ல தொகை போட்டிருக்கு. அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வக்கீல் சாருக்குத் தனியா அனுப்பறேன்.

தூரிகை அம்மா, படத்த உங்ககிட்டயே காட்டணும்னு சொல்றாங்க. வர்ற வியாழக்கிழமை கார்ல கொண்டு வரோம். நீங்க சொன்ன மாதிரி நிமிர்த்தி, முகத்துல எதுவும் படாம, பிரேமுக்கு மேல பலகை வெச்சுக் கட்டறேன். ஒடைஞ்ச மூலையில இருந்து உதிர்ந்த தங்கத் துண்டு மூணு, தானா விழுந்த ஆணி ரெண்டு, எல்லாத்தையும் தீப்பெட்டியில போட்டு மேல தேதி எழுதி வெச்சிருக்கேன்.

ஒரு விஷயம் உங்ககிட்ட மட்டும் கேக்கணும். நேத்து ராத்திரி கடை சாத்தினப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இருந்தேன். கீழ்க் கட்டைக்கும் கேன்வாஸுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல, அதுல தூசி, ஒரு ஆப்போட சில்லு, அதோட ஒரு காகித ஓரம் தெரியுது. மேல ஒட்டியிருக்கற அதே பழுப்புக் காகிதம் மாதிரி இருக்கு. குண்டூசிய வளைச்சு விட்டா வந்துடும். கை பரபரங்குது. எடுக்கல. வண்டி ஆட்டத்துல அது உள்ள நகர்ந்துடாம இருக்க என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.

தூரிகையும் பஞ்சும் எழுதியது:

நல்லவேளை எடுக்கவில்லை. அந்தச் சந்தில் பொருள் சிக்கினால் முன்பக்கம் சாயம் புடைத்துக்கொள்ளும், ஊசியால் நெம்பினால் அங்கேயே வெடிக்கும். இப்போது எந்தப் பக்கம் கீழே இருக்கிறதோ அதே பக்கம் கீழே இருக்கும்படி காரில் வையுங்கள், அடியில் மெத்தென்று ஏதாவது போடுங்கள், படுக்க வைக்காதீர்கள். பின்புறம் முழுவதையும் பருத்தித் துணியால் மூடி, துணியைப் பிரேமின் வெளி ஓரத்தில் கட்டுங்கள். அட்டையும் டேப்பும் வேண்டாம். வியாழக்கிழமை நீங்களும் கூட வாருங்கள் அண்ணா. காகிதத்தை எடுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.

சித்தூர் பிரேம்கடை எழுதியது:

வரேன்மா. அன்னிக்குக் கடைக்கு லீவு போட்டாச்சு.